68,000 கிலோமீட்டர்லயே டைமிங் பெல்ட் பிஞ்சு போச்சு, வாரன்டியும் முடிஞ்சுது, என்ன பண்றது?

தேரடிவாசி (திருவொற்றியூர்)
சனி, இரவு 10.12

வணக்கம் எல்லாருக்கும். வண்டி 1.5 டீசல், 2019 மார்ச்ல புதுசா எடுத்தது, இப்போ மீட்டர்ல 68,400. கம்பெனி பேரு வேணாம், விஷயம் பெல்ட் பத்தி தான். ஒரு வாரமா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது டைமிங் பக்கத்துலேர்ந்து சர்ர்னு லேசா ஒரு சத்தம் வரும், ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். சாதாரணமா ஃபேன் பெல்ட்டா இருக்கும்னு நெனச்சு டோல்கேட் கிட்ட எப்பவும் பாக்குற கடைல காட்டினேன். அவர் மேல் கவர்ல மூணு கிளிப்ப கழட்டி டார்ச் அடிச்சு பாத்தாரு, பாத்துட்டு ஒண்ணுமே பேசாம என்னைக் கூப்ட்டு காட்டினாரு. பெல்ட்டோட வெளிப்பக்க ஓரம் முழுக்க நார் நாரா பிஞ்சு வெள்ளையா நூல் தெரியுது, கவர் உள்ள கருப்பு பொடி, விரல் வெச்சா மை மாதிரி ஒட்டிக்குது.

மேனுவல்ல 1,20,000 கிமீ இல்லன்னா 8 வருஷம்னு போட்டிருக்கான். பாதிக்கு கொஞ்சம் மேல தான் ஓடியிருக்கு. வாரன்டி 3 வருஷம், 2022-லயே முடிஞ்சுது, எக்ஸ்டெண்டட் எடுக்கல, அப்போ கையில காசு இல்ல. சர்வீஸ் சென்டர்ல கேட்டா இது தேயுற ஐட்டம் சார், வாரன்டி இருந்திருந்தாலும் வராதுன்னு சொல்லி 41,300-க்கு எஸ்டிமேட் குடுத்தாங்க. வெளிய 22,000 சொல்றாங்க. அம்மாவை வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், தினம் ராஜாஜி சாலைக்கு வேலைக்கும் இதே வண்டி தான். ஒரு மாசம் தள்ளி சம்பளம் வந்தப்புறம் மாத்தலாமா? இவ்ளோ சீக்கிரம் போனதுக்கு யார்கிட்டயாவது கேக்க முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம்டீசல்
சனி, இரவு 10.40

ப்ரோ முதல்ல வண்டிய நிறுத்துங்க. ஒரு மாசம் இல்ல, நாளைக்குக் கூட எடுக்காதீங்க, அம்மாவுக்கு ஆட்டோ வெச்சுக்கோங்க.

எனக்கு நடந்தத சொல்றேன். 94,000-ல மாத்தணும்னு கடைக்காரர் சொன்னாரு, நான் பொங்கல் முடியட்டும்னு தள்ளினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல காசிமேடு தாண்டி போயிட்டிருக்கேன், ஸ்பீடு நாப்பது கூட இல்ல, பின்னாடி ஃபுல்லா கன்டெய்னர் டிரெய்லர். டப்னு ஒரே ஒரு சத்தம், இன்ஜின் ஆஃப், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக்கும் ரெண்டு மிதிக்கு அப்புறம் இறுகிடுச்சு. பின்னாடி வந்த டிரெய்லர் டிரைவர் எப்படித்தான் ஒடிச்சு போனாரோ, அந்த மனுஷனுக்கு இன்னிக்கும் மனசுல நன்றி சொல்லிட்டிருக்கேன். ஹெட் இறக்கி பாத்தா வால்வ் வளைஞ்சு பிஸ்டன் மேல பிறை மாதிரி பள்ளம் விழுந்திருக்கு. லேத் வேலை, வால்வ் செட், கேஸ்கட், ராக்கர் எல்லாம் சேர்த்து 1,18,000 ஆச்சு. வண்டி 34 நாள் ஷெட்ல.

இந்த மாதிரி டீசல் இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்து போகுது, ஒண்ண ஒண்ணு தொடாம பாத்துக்குறது அந்த பெல்ட் தான். பிஸ்டன் சுத்தி விடற கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா வால்வ திறக்கற கேம் ஒரு சுத்து, அந்தக் கணக்கு ஒரு நொடி தப்பினா முடிஞ்சுது.

கொடுங்கையூர்118
சனி, இரவு 11.05

அவ்ளோ பயப்படணுமா? என் வண்டி 1,40,000 தாண்டிடுச்சு, டைமிங் பக்கமே கை வெக்கல, சும்மா ஜம்முனு போகுது. சர்வீஸ் சென்டர்காரன் எப்பவும் பெருசா தான் சொல்லுவான். இன்னொரு கடைல காட்டிட்டு முடிவு பண்ணுங்க ப்ரோ.

மூலக்கடைஸ்பேனர்
ஞாயிறு, காலை 6.50

கொடுங்கையூர் தம்பி, உன் வண்டி இன்னா இன்ஜின்னு சொல்லு மொதல்ல. மாருதில போட்ட 1.3 டீசல், அதான் ஃபியட் இன்ஜின், அதுல பெல்ட்டுக்கு பதிலா செயின். ஹூண்டாய் 1.2 காப்பா பெட்ரோல் செயின். அதுல இந்தப் பேச்சே வேற. டஸ்டர், சன்னில வந்த ரெனோ 1.5 டீசல் பெல்ட்டு, ஃபோர்டு 1.5 டீசல் பெல்ட்டு, ஃபோக்ஸ்வேகன் 1.5 டீசல் பெல்ட்டு, பழைய சான்ட்ரோ, மாருதி 800 எல்லாம் பெல்ட்டு. செயின் வண்டி வெச்சிக்கினு பெல்ட்டு வண்டிக்காரனுக்கு தைரியம் சொல்லாத, அவன் அம்மாவ இட்டுக்கினு போற வண்டி அது.

தேரடி தம்பி, நான் இருவத்தாறு வருஷமா இதே வேலை தான். உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. பெல்ட்டு தானா சாவறது கம்மி. ஏதோ ஒண்ணு அத சாவடிக்குது. அத கண்டுபுடிக்காம புதுசு போட்டன்னா இன்னும் அறுபதாயிரத்துல அதுவும் இதே கதி தான், 41,000 குடுத்தாலும் 22,000 குடுத்தாலும்.

அந்த பெல்ட்டு வெறும் ரப்பர் இல்ல. உள்ள கண்ணாடி நார்ல கயிறு ஓடுது, இழுவைய தாங்கறது அதான், நீ பாத்த வெள்ளை நூல் அது. மேல சூடு, எண்ணெய் தாங்கற ரப்பர். பல்லு மேல நைலான் துணி ஒட்டிருக்கும். எங்க தேஞ்சிருக்குன்னு பாத்தா இன்னா நோய்னு தெரியும். முதுகுல குறுக்க குறுக்க வெடிப்பு இருந்தா வயசு, சூடு. பல்லோட அடிவேர்ல வெடிப்புன்னா டென்ஷன் தப்பு, இல்ல வாட்டர் பம்ப்போ கேமோ எங்கியோ இறுகுது. பெல்ட்டு ஊறி சதசதன்னு இருந்தா ஆயில் சீல் கசியுது. பச்சையாவோ ரோஸாவோ காஞ்சு போன கறை இருந்தா கூலன்ட். ஒரே ஒரு ஓரம் மட்டும் பிஞ்சிருந்தா, தம்பி, அங்க ஏதோ உரசுது, இல்ல பெல்ட்ட வழில நிறுத்தற ஐட்லர் புல்லி சாஞ்சிருக்கு. உன்னுது ஓரம். அதனால வயசு, கிலோமீட்டர் பேச்ச ஓரமா வெய்யி.

வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, வலது முன் டயர கழட்டி உள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனர விலக்கி, கீழ் கவரையும் கிராங்க் புல்லியையும் நல்லா வெளிச்சத்துல போட்டோ எடுத்து போடு. போல்ட்டு எத்தன இருக்குன்னு எண்ணு. ஜாக்கிய மட்டும் நம்பாத, கீழ ஸ்டாண்டு குடு, கழட்டின டயரையும் அடில தள்ளி வெய்யி.

எர்ணாவூர்பொண்ணு
ஞாயிறு, காலை 8.22

அண்ணா வணக்கம், இதுல எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. எங்க அப்பா டாக்ஸி ஓட்டுறாரு, டீசல் செடான். 2023 டிசம்பர் புயல்ல எங்க தெருவுல தண்ணி வந்தப்போ வெறும் மழைத்தண்ணி வரல, கச்சா எண்ணெய் கலந்து வந்துச்சு, வீட்டு சுவத்துல இடுப்பளவுக்கு கருப்புக் கோடு இன்னும் இருக்கு, ரெண்டு தடவ சுண்ணாம்பு அடிச்சும் கசிஞ்சு வெளிய வருது. அப்பா வண்டி அந்தத் தண்ணில ரெண்டு நாள் நின்னுச்சு. அப்புறம் வாட்டர் வாஷ் பண்ணி, ஆயில் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி ஓட்ட ஆரம்பிச்சுட்டாரு. டைமிங் கவர யாரும் திறக்கல. இப்போ அதுக்கப்புறம் ஐம்பதாயிரம் கிட்ட ஓடிடுச்சு. அந்த எண்ணெய் உள்ள போயிருந்தா பெல்ட்ட அரிக்குமா?

மூலக்கடைஸ்பேனர்
ஞாயிறு, காலை 9.15

அரிக்கும்மா. கீழ் கவர் தண்ணி புகாத டப்பா கெடையாது, தூசி தடுக்கறதுக்கு தான் அது. இடுப்பளவு தண்ணின்னா கிராங்க் புல்லி முழுசா முழுகியிருக்கும். லேசா தெறிக்கற இன்ஜின் ஆயில இந்த ரப்பர் கொஞ்சம் தாங்கும், ஆனா கச்சா எண்ணெய்ல ரெண்டு நாள் ஊறுச்சுன்னா உப்பும், பல்லு மெத்துனு ஆயிடும், நைலான் துணி உரிய ஆரம்பிக்கும். இன்னொண்ணு, ஐட்லர், பெல்ட்ட இறுக்கி வெக்கற டென்ஷனர், ரெண்டோட பேரிங்லயும் இருக்கற கிரீஸ் கழுவிக்கினு போயிருக்கும், உப்புத்தண்ணி வேற. பேரிங் இறுகிச்சுன்னா பெல்ட்டு நல்லா இருந்தும் அறுந்துடும். நம்ம பக்கத்துல அந்த வெள்ளத்துல நின்ன வண்டி எல்லாத்துக்கும் நான் இதத்தான் சொல்றேன், வெளிய பளபளன்னு கழுவினது போதாது. அப்பா கிட்ட சொல்லு, மேல் கவர மட்டுமாவது திறந்து பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

மாதவரம்பைபாஸ்
ஞாயிறு, காலை 11.30

தேரடி ப்ரோ, ஸ்பேனர் அண்ணன் சொன்னத ஒத்துக்குறேன், ஆனா நம்ம பக்கத்து ஓட்டத்துக்கு கிலோமீட்டர் மட்டும் பாத்தா பத்தாது, அதையும் சொல்லிடறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல துறைமுகத்துக்கு போற டிரெய்லர் வரிசைல மாட்டினா எவ்ளோ நேரம் இன்ஜின் ஓடிட்டே நிக்கிறோம். ஐட்லிங்ல 800 ஆர்பிஎம்னா ஒரு மணி நேரத்துல கிராங்க் 48,000 சுத்து சுத்துது. ரோட்ல 60 ஸ்பீடுல 2,000 ஆர்பிஎம்ல போனா ஒரு மணிக்கு 1,20,000 சுத்து. அப்போ ஒரு மணி நேரம் சும்மா நிக்கிறது பெல்ட்டுக்கு 24 கிலோமீட்டர் ஓடின மாதிரி. தினம் ஒண்ணரை மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், ஆறு வருஷம்னு வெச்சுக்கோங்க, 2,700 மணி நேரம், 64,800 கிலோமீட்டர். அது மீட்டர்ல ஏறாது. உங்க 68,400 உண்மைல பெல்ட்டுக்கு 1,33,000. அதோட மணலி ரோடு சாம்பல் தூசி, கடற்காத்து. மேனுவல்ல கடைசி பக்கத்துல கடுமையான பயன்பாடுன்னு ஒரு தனி அட்டவணை இருக்கும், நம்ம எல்லாரும் அதுல தான் வர்றோம், யாரும் அத படிக்கிறதில்ல. நான் எங்க வண்டிக்கு எழுவதாயிரத்துலயே மாத்திட்டேன், சும்மா ஒரு பயத்துக்கு இல்ல, இந்தக் கணக்கப் போட்டுப் பாத்து தான்.

தேரடிவாசி
ஞாயிறு, மாலை 5.48

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வண்டிய எடுக்கல, அம்மாவ நாளைக்கு ஆட்டோல கூட்டிட்டு போறேன்.

மாதவரம் ப்ரோ கணக்க வீட்ல எல்லாருக்கும் படிச்சு காட்டினேன். நான் இவ்ளோ நாள் பெல்ட் பாதி ஆயுசுல போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஸ்பேனர் அண்ணா, டயர கழட்டி பாத்தேன், போட்டோ நாலு போட்டிருக்கேன். லைனர்ல ரெண்டு ஸ்க்ரூ இல்ல. கீழ் கவர்ல அஞ்சு ஓட்டை இருக்கு, நாலுல தான் போல்ட் இருக்கு, அஞ்சாவது இடத்துல, கிராங்க் புல்லிக்கு நேர் மேல, கவர் ஒரு சுண்டு விரல் நுழையற அளவுக்கு விலகி நிக்குது. எண்ணெய் ஈரம் எங்கயும் இல்ல. இன்னொண்ணு, மூணாவது போட்டோவ பெருசு பண்ணி பாருங்க, புல்லிக்கு பின்னாடி கருப்பா ஏதோ நூல் மாதிரி தெரியுது. என்னன்னு புரியல.

மூலக்கடைஸ்பேனர்
ஞாயிறு, மாலை 6.20

தம்பி, அந்த கிராங்க் புல்லில வெளிய ஓடற ஃபேன் பெல்ட்டு எப்போ மாத்தின, யார் மாத்தினது? புல்லில எத்தன பள்ளம், அதுல உக்கார்ற மாதிரி பெல்ட்டு உள்பக்கம் எத்தன வரின்னு எண்ணிப் பாரு. கைய வெச்சி எதையும் இழுக்காத. அந்த நூல அப்படியே விட்டுடு.

தேரடிவாசி
ஞாயிறு, மாலை 6.55

54,000 சர்வீஸ்ல மாத்தினாங்க, அதே சர்வீஸ் சென்டர் தான், போன வருஷம். ஜாப் கார்டு இருக்கு, ஃபேன் பெல்ட் மாத்தினதுன்னு தெளிவா எழுதியிருக்கு, பில்லும் இருக்கு.

எண்ணினேன் அண்ணா. புல்லில ஆறு பள்ளம். உள்பக்க முதல் பள்ளம் காலியா தூசியும் துருவுமா இருக்கு. பெல்ட்டுல இப்போ அஞ்சு வரி தான் இருக்கு, வெளி ஓரம் பிசிறு பிசிறா இருக்கு.

மூலக்கடைஸ்பேனர்
ஞாயிறு, இரவு 7.10

அதான் தம்பி. கெடச்சிடுச்சு. ஆறு வரி பெல்ட்ட ஒரு பள்ளம் தள்ளி மாட்டியிருக்கான். அஞ்சு வரி தான் புல்லி மேல உக்காந்துது, ஆறாவது வரி வெளிய அந்தரத்துல தொங்கிக்கினே ஓடியிருக்கு. அது புல்லி ஓரத்துல அறுபட்டு அறுபட்டு நூலா பிரிஞ்சு, சுத்தற வேகத்துல புல்லிக்கு பின்னாடி போயி, போல்ட்டு இல்லாத சந்துல உள்ள நொழஞ்சி டைமிங் பெல்ட்டோட ஓரத்த தின்னுக்கினு இருக்கு. ரெண்டு தப்பு. ஒண்ணு மாட்டினது தப்பு, ஒண்ணு போல்ட்டு போடாம விட்டது. ரெண்டும் சேர்ந்ததால தான் இவ்ளோ தூரம் வந்துது. இது தேயுற ஐட்டமே இல்ல, வேலை செஞ்சவன் கை.

ஹைகோர்ட்எதிர்ல
ஞாயிறு, இரவு 9.02

நான் வழக்கறிஞர், பிராட்வேல ஆபீஸ். வண்டி பத்தி எனக்குப் பெருசா தெரியாது, ஆனா இந்த இழைய முழுசா படிச்சேன், இந்த இடத்துல நான் சொல்லியே ஆகணும்.

தேரடி சார், இப்போ உங்க கேள்வியே மாறிடுச்சு. வாரன்டி முடிஞ்சுதா இல்லையாங்கறது கார் கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள பேச்சு. நீங்க காசு குடுத்து பெல்ட் மாத்தின வேலை தனி, அதுல தப்பு நடந்திருந்தா அது சேவைக் குறைபாடு, அதுக்கு வாரன்டி தேவையில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதத்தான் சொல்லுது, அது 2020 ஜூலை 20-லேர்ந்து அமல்ல இருக்கு. புகார் குடுக்க ரெண்டு வருஷம் டைம். நீங்க குடியிருக்கற இடத்துல உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது, வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னும் இல்ல, நீங்களே வாதாடலாம். ஆனா அது கடைசி. முதல்ல எழுத்துல அவங்களுக்கு மெயில் போடுங்க, பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, நிறைய விஷயம் அங்கயே முடியுது.

ரொம்ப முக்கியம் ஆதாரம். வெளிக்கடைல கழட்டிட்டு அப்புறம் போயி கேட்டீங்கன்னா, கழட்டினவன் தான் கெடுத்தான்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. டோ பண்ணி அங்கயே கொண்டு போங்க, உங்க கண் முன்னாடி கழட்டச் சொல்லுங்க, முழுசா வீடியோ எடுங்க, மீட்டரும் நம்பர் பிளேட்டும் அதே வீடியோல வரணும். பழைய பெல்ட் ரெண்டையும் எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, ஸ்க்ராப்னு சொல்லி எடுத்துக்குவாங்க, விடாதீங்க. அவங்க தர்ற எந்தப் பேப்பர்லயும் இனிமே எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு இருந்தா, பேசின தொகை கைக்கு வர்ற வரைக்கும் கையெழுத்து போடாதீங்க.

எர்ணாவூர் தங்கச்சி, உங்க அப்பா டாக்ஸி வியாபாரம்னு யாராவது சொன்னா ஒதுங்கிடாதீங்க. சொந்த உழைப்புல வாழ்க்கை நடத்தறதுக்காக ஓட்டுற வண்டின்னா அவரும் நுகர்வோர் தான், சட்டத்துலயே விளக்கம் இருக்கு.

கொடுங்கையூர்118
திங்கள், காலை 7.30

ஸ்பேனர் அண்ணா, நேத்து உங்க பதிவு பாத்துட்டு என் வண்டிய விசாரிச்சேன், பழைய சான்ட்ரோ தான், பெல்ட் தான். செகண்ட் ஹாண்ட்ல 90,000-ல வாங்கினது, முன்னாடி இருந்தவர் மாத்தினாரான்னு தெரியல. நான் சொன்னது தப்பு. தேரடி ப்ரோ மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு வண்டிய வீட்லயே விட்டுட்டேன்.

பழையவண்ணை
திங்கள், மதியம் 1.15

ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைல வேலை பாக்குறேன், ஜிபி ரோடு. பெல்ட் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. பெல்ட்ட மட்டும் தனியா வாங்காதீங்க, கிட்டா வாங்குங்க, பெல்ட், டென்ஷனர், ஐட்லர் சேர்ந்து வரும். கேட்ஸ், கான்டினென்டல், டேக்கோ எல்லாம் கிட் போடறாங்க. புது பெல்ட்ட பழைய டென்ஷனர்ல மாட்டறது புதுச் செருப்புல பழைய ஆணிய அடிக்கிற மாதிரி. வாட்டர் பம்ப் அதே பெல்ட்டுல ஓடற வண்டின்னா பம்ப்பும் மாத்திடுங்க, ஏன்னா ஆறு மாசம் கழிச்சு பம்ப் கசிஞ்சா திரும்ப அதே கூலி குடுத்து அதே வேலை. டப்பா சீல் பாருங்க, பெல்ட் மேல அடிச்சிருக்கற நம்பர் டப்பால இருக்கற நம்பரோட ஒத்துப் போகுதா பாருங்க, எழுத்து விரலால தேச்சா அழியக் கூடாது. டப்பாலேர்ந்து எடுத்து மடக்கி, முறுக்கி காட்டறவங்க கிட்ட வாங்கவே வாங்காதீங்க, உள்ள இருக்கற கண்ணாடி நார் ஒடிஞ்சா வெளிய தெரியாது. புதுப்பேட்டைல கழட்டின பெல்ட் நல்லா இருக்குன்னு குடுப்பாங்க, தயவு செஞ்சு வேணாம், டோர், லைட்டு, சீட்டு எது வேணா பழசு வாங்குங்க, இத வாங்காதீங்க.

பெரம்பூர்லோகோ
திங்கள், இரவு 8.40

கொஞ்சம் வேற விஷயம். என்னுது 1.0 டர்போ பெட்ரோல், பெல்ட் ஆயிலுக்கு உள்ளயே ஓடுதுன்னு சொல்றாங்க. அதுக்கும் இதே மாதிரி கவர் திறந்து பாக்கலாமா?

மூலக்கடைஸ்பேனர்
திங்கள், இரவு 9.25

அது வேற ஜாதி தம்பி. அந்த பெல்ட்டு இன்ஜின் ஆயில்லயே குளிச்சிக்கினு ஓடறதுக்குன்னே செஞ்சது. அதுக்கு எமன் தப்பான ஆயில், லேட்டா மாத்தற ஆயில். ஆயில்ல பெட்ரோல் கலந்து கெட்டுச்சுன்னா ரப்பர் உப்பி உதிரும், உதிர்ந்தது கீழ ஆயில் தேங்கற சம்ப்புல ஆயில் பம்ப் சல்லடைய அடைக்கும், ஆயில் லைட்டு எரியும், அப்போ பெல்ட்டோட சேர்ந்து இன்ஜினே போகும். ஐரோப்பாவுல பியூஜோ, சிட்ரோயன்ல வந்த 1.2 பெட்ரோலுக்கு இதே கதை தான், கடசில அந்தக் கம்பெனி 10 வருஷம், 1,75,000 கிமீ வரைக்கும்னு வாரன்டிய நீட்டினாங்க. நீ பண்ண வேண்டியது, மேனுவல்ல போட்ட கிரேடு ஆயில் மட்டும் ஊத்து, அவன் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்து, பில்ல பத்திரமா வெய்யி. சில இன்ஜின்ல ஆயில் ஊத்தற மூடிய திறந்தா பெல்ட்டு தெரியும், உப்பியிருக்கான்னு பாத்துக்கலாம்.

தேரடிவாசி
வியாழன், இரவு 10.30

இன்னிக்கு நடந்தத முழுசா எழுதறேன், யாருக்காவது உதவும்.

டோ வண்டில கொண்டு போனேன், 1,800 ஆச்சு. ஸ்பேனர் அண்ணன் கடைய பையன் கிட்ட விட்டுட்டு என் கூட வந்தாரு, நான் காசு குடுக்க போனா கைய தட்டி விட்டுட்டாரு. அட்வைசர் முதல்ல உள்ள கஸ்டமர விடமாட்டோம்னாரு. மெயில் காபிய காட்டினேன், மேனேஜர் வந்து சரின்னாரு.

டயர கழட்டி, லைனர எடுத்து, ஃபேன் பெல்ட்ட அவுத்தாங்க. கிராங்க் புல்லி போல்ட்ட இளக்க ரெண்டு பேர் நின்னாங்க. புல்லி வெளிய வந்ததும் எல்லாரும் அமைதியாயிட்டாங்க. பின்னாடி அச்சு மேல, மாஞ்சா நூல லட்டாய்ல சுத்தின மாதிரி, அடுக்கு அடுக்கா கருப்பு நூல் இறுக்கமா சுத்தியிருக்கு. அதுலேர்ந்து ரெண்டு இழை கவர் சந்துக்குள்ள போகுது. கவர எடுத்தா டைமிங் பெல்ட் ஓரத்துல அந்த இழை போயி வந்த இடம் ரம்பம் போட்ட மாதிரி. பெல்ட் அகலத்துல கிட்டத்தட்ட கால் பங்கு இல்ல. ஒரு இடத்துல ரெண்டு பல்லு பாதி உரிஞ்சு தொங்குது. அண்ணன் அந்தப் பல்ல ஸ்க்ரூ டிரைவர் நுனியால தொட்டாரு, அப்படியே கழண்டு கைல விழுந்துச்சு. நான் இதுல தான் போன வாரம் வரைக்கும் அம்மாவ உக்கார வெச்சு ஓட்டினேன்.

ஐட்லர அண்ணன் கையால சுத்தி காதுல வெச்சு கேக்கச் சொன்னாரு, மணல் அரைக்கிற மாதிரி சத்தம். காலைல வந்த சர்ர் அது தான்.

மேனேஜர் முதல்ல பெல்ட் தரம் சரியில்லாம இருந்திருக்கலாம்னாரு. அண்ணன் சத்தமே போடல. ஜாப் கார்ட எடுத்து, புல்லில காலியா இருக்கற அந்தப் பள்ளத்த காட்டி, நீங்க மாட்டின ஆறு வரி பெல்ட்டு இந்தப் பள்ளத்துல ஒரு நாள் கூட உக்காரல சார், உக்காந்திருந்தா மத்த பள்ளம் மாதிரி தேஞ்சு பளபளக்கும், இது பாருங்க தூசியும் துருவுமா இருக்கு, பெல்ட்டு பிஞ்சது புல்லி ஓரத்தால, தரத்தால இல்லன்னாரு. அஞ்சாவது போல்ட் ஓட்டைல மரையே சுத்தமா இருக்கு, உடையல, போடவே இல்லைன்னும் காட்டினாரு. அவரு யாருன்னு கேட்டாங்க. எங்க அண்ணன்னு சொன்னேன்.

ரெண்டு மணி நேரம் பேச்சு. முதல்ல கூலில 20 சதவீதம் தள்ளுபடின்னாங்க. நான் வேணாம், எழுத்துல பதில் குடுங்க, நான் ஆணையத்துல பாத்துக்குறேன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன். மறுபடி உக்கார வெச்சாங்க. கடசில கூலி முழுசா தள்ளுபடி, ஃபேன் பெல்ட் ஃப்ரீ, கிட் விலை 19,600-ல பாதி அவங்க. வாட்டர் பம்ப்பும் கூலன்ட்டும் நான், 4,100. மொத்தம் என் கையிலேர்ந்து 13,900. கிட் முழுசா அவங்க தான் போட்டிருக்கணும், அது என் மனசுல இருக்கு, ஆனா வண்டி எனக்கு நாளைக்கே வேணும். வக்கீல் சார் சொன்ன மாதிரி எந்தக் கோரிக்கையும் இல்லைங்கற வரிய அடிச்சிட்டு தான் கையெழுத்து போட்டேன். பழைய பெல்ட் ரெண்டும், அந்த நூல் உருண்டையும், ஐட்லரும் கவர்ல போட்டு வீட்ல வெச்சிருக்கேன்.

மாட்டும்போதும் கூடவே நின்னோம். கேம், கிராங்க் ரெண்டுக்கும் லாக் பின் போட்டாங்க, டென்ஷனர் முள்ளு குறிக்கு நேரா வெச்சாங்க, அப்புறம் பின்ன எடுத்துட்டு ஸ்பேனரால கையாலயே கிராங்க்க ரெண்டு சுத்து முழுசா சுத்தி குறி திரும்ப ஒத்து வருதான்னு பாத்தாங்க. முதல் தடவ அத செய்யாமலே கவர மூடப் போனாரு அந்தத் தம்பி, அண்ணன் தான் நிறுத்தி செய்யச் சொன்னாரு. டென்ஷனர் முள்ளு ரெண்டு சுத்துக்கு அப்புறம் கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு, திரும்ப வெச்சாங்க. அஞ்சாவது போல்ட்ட என் கையால போட்டேன்.

ஹைகோர்ட்எதிர்ல
வியாழன், இரவு 11.04

நல்லா பண்ணீங்க. வீடியோவ போன்ல மட்டும் வெக்காதீங்க, வேற ரெண்டு இடத்துல காபி பண்ணி வெச்சுக்கோங்க. மீதி பாதி கிட்டுக்கு ஒரு மெயில் போடறதுல தப்பே இல்ல, ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

எர்ணாவூர்பொண்ணு
வெள்ளி, இரவு 9.47

ஸ்பேனர் அண்ணா, தேரடி அண்ணன் எழுதினத அப்பாவுக்கு முழுசா படிச்சு காட்டினேன். முதல்ல வேணாம்னாரு, அந்தப் பல்லு கைல விழுந்த இடம் வந்ததும் எழுந்து டார்ச் எடுத்துட்டு வந்துட்டாரு. மேல் கவர திறந்தோம். ஓரம் பிரியல, ஆனா பெல்ட் முதுகு ஒரு மாதிரி பளபளன்னு மெத்துனு இருக்கு, விரல்ல அழுத்தினா நகத் தடம் நிக்குது. கவர் உள்ள அடில கருப்பா காஞ்ச பிசுக்கு, மோந்து பாத்தா அன்னிக்கு வீட்ல வந்த அதே வாடை. போட்டோ போட்டிருக்கேன். அப்பாவுக்கு நாளைக்கு காலைல 4 மணிக்கு ஏர்போர்ட் டிரிப் இருக்கு.

மூலக்கடைஸ்பேனர்
வெள்ளி, இரவு 9.53

அம்மா, அந்த டிரிப்ப வேற டிரைவருக்கு மாத்தி விட்டுடச் சொல்லு. வண்டிய ஸ்டார்ட்டே பண்ண வேணாம். காலைல ஏழு மணிக்கு நானே ஒரு வண்டி கட்டி இழுத்துக்கினு வர்றேன், காச பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு அப்பா கிட்ட சொல்லு.

எர்ணாவூர்பொண்ணு
வெள்ளி, இரவு 10.10

மாத்தியாச்சு அண்ணா. சாவிய அப்பா என் கைல குடுத்துட்டாரு. தெரு முனைல நிக்கிறோம் ஏழு மணிக்கு.